கதையில் வராதவர்கள்

ஃபெர்ன் அவ்வளவு முக்கியமான தோழி என்றால், முந்தைய நாவலில் விவ் ஏன் அவளை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை? ட்ராவிஸ் பால்ட்ரீயின் 'புக்‌ஷாப்ஸ் அண்ட் போன்டஸ்ட்' நாவலைப் படித்து முடித்த வாசகர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. புத்தகத்தை விரும்பியவர்களும் கேட்கிறார்கள், விரும்பாதவர்களும் கேட்கிறார்கள். என்னையும் இந்தக் கேள்வி விடவில்லை. நாவலைப் பற்றிய கேள்வியாக வந்தது, கொஞ்ச நாளில் என் வாழ்க்கையைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால்ட்ரீ அமெரிக்கர். முதலில் கணினி விளையாட்டுகளை உருவாக்கினார், பிறகு ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுத்தார். நவம்பர் மாதத்துக்குள் ஒரு நாவலை எழுதி முடிக்கும் சவால் ஒன்று அங்கே இருந்தது. 2021-இல் அதற்காக உட்கார்ந்து அவர் எழுதியதுதான் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்'. மறு ஆண்டு பிப்ரவரியில் தாமே வெளியிட்டார். வாசகர்களின் வாய்வழியாகவே அது பரவியது. அதே ஆண்டு நவம்பரில் டோர் என்ற பெரிய பதிப்பகம் அதை மறுபடி கொண்டுவந்தது. விவ் என்ற ஓர்க் இனப் பெண் பல ஆண்டுகள் கூலிப்படையில் வாள் வீசிய பிறகு அதை ஒதுக்கிவிட்டு, தூன் என்ற நகரத்தில் காப்பிக்கடை வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. உலகத்தைக் காப்பாற்றும் வேலை எதுவும் அவளுக்கு இல்லை. கடைக்கு ஆள் வருமா, பலகாரம் நன்றாக வருமா என்பதுதான் கவலை.

2023-இல் வந்த 'புக்‌ஷாப்ஸ் அண்ட் போன்டஸ்ட்' அதன் முன்கதை. காலம் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னோக்கிப் போகிறது. விவ் சின்னப் பெண். ரக்கம் என்பவனின் படையில் சேர்ந்த புதிது. பிணங்களை எழுப்பும் சூனியக்காரி வரீனைத் தேடிப்போன இடத்தில், மற்றவர்களுக்கு முன்னால் பாய்ந்து காலில் பெரிய காயம் வாங்கிக்கொள்கிறாள். படை அவளை மர்க் என்ற கடலோரச் சிற்றூரில் விட்டுவிட்டு, திரும்பி வருவதாகச் சொல்லிப் போய்விடுகிறது. ஊன்றுகோலோடு தெருவில் இறங்குகிறவள் நொடித்துப்போன ஒரு புத்தகக்கடைக்குள் நுழைகிறாள். எலி இனத்தைச் சேர்ந்த ஃபெர்ன்தான் கடைக்காரி. வாயைத் திறந்தால் வசவு. ஆனால் எந்த ஆளுக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. புத்தகத்தின் பக்கமே போகாத விவ்வின் கையில் ஒன்றைத் திணிக்கிறாள். அங்கே தொடங்குகிறது நட்பு.

இந்த நாவலைக் குறை சொல்பவர்களின் பேச்சில் நியாயம் நிறைய உண்டு. சூனியக்காரி கதை ஒரு பக்கம், புத்தகக்கடை கதை இன்னொரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் நிற்கின்றன என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வரீன் எப்போது வருவாள் என்ற பதைப்பு எனக்கு ஒருபோதும் வரவில்லை. அவள் வராமலே போனால் கடையைச் சீர்ப்படுத்தும் வேலை தொடருமே என்றுதான் தோன்றியது. தித்திப்பு கூடிப்போயிற்று, எல்லாரும் எல்லாரிடமும் அன்பாக இருக்கிறார்கள் என்பது இன்னொரு குறை. இந்த வகைக் கதையைத் தேடிவருகிறவர்கள் அந்தத் தித்திப்புக்காகத்தான் வருகிறார்கள்.

கொஞ்சம் நின்று யோசிக்க வைப்பது மூன்றாவது குறை. முடிவு முன்பே தெரியுமே என்கிறார்கள். விவ் சாகமாட்டாள், அவள் காப்பிக்கடை வைக்கப்போவது தெரியும். மர்க்கில் மேலீ என்ற ரொட்டிக்கடைப் பெண்ணோடு அவளுக்குக் காதல் வருகிறது. அதுவும் நிலைக்காது என்பது தெரியும், ஏனென்றால் தூன் நகரத்தில் அவளுடைய பின்னாளைய காதலி டேன்ட்ரி காத்திருக்கிறாள். முதல் நாவலில் டேன்ட்ரியை நேசித்த வாசகர்கள் சிலருக்கு மேலீயின் அத்தியாயங்கள் சங்கடமாகவே இருந்திருக்கின்றன. பிரியப்போகிறவர்கள்மேல் எதற்கு மனசை வைக்க வேண்டும் என்கிறார்கள்.

மேலீக்கும் அது தெரியும் என்பதை இவர்கள் கவனித்தார்களா என்று தெரியவில்லை. படை திரும்பி வந்ததும் இந்தப் பெண் கிளம்பிவிடுவாள் என்று தெரிந்தேதான் அவள் ரொட்டியைச் சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டுகிறாள். வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே இந்த நாவலில் முடிவு தெரிவது குறையாகாது, அதன் நிலைமையே அதுதான். மர்க்கில் இருக்கும் ஒவ்வொருவரும் விவ்வோடு கொஞ்ச காலம்தான் என்று அறிந்து பழகுகிறார்கள். விவ் மட்டும்தான் ஆரம்பத்தில் அதைக் காரணமாக வைத்து ஒதுங்கப் பார்க்கிறாள். இங்கே எனக்கு வேலை இல்லை, கால் ஆறினால் போதும் என்பது அவள் எண்ணம். அவளுடைய உண்மையான வாழ்க்கை எங்கேயோ வாளோடு நடந்துகொண்டிருக்கிறது, தான் அதிலிருந்து தள்ளி வைக்கப்பட்டிருக்கிறோம் என்று புழுங்குகிறாள். காய்ச்சலில் படுத்தவர்களுக்கும், மாற்றலில் வந்தவர்களுக்கும், வேலைக்கு உத்தரவு வரக் காத்திருப்பவர்களுக்கும் இந்தப் புழுக்கம் தெரியும்.

எனக்கு இது திருநெல்வேலியில் நேர்ந்தது. முதல் வேலை, தற்காலிகம். ஊருக்குப் பக்கமாக நிரந்தர இடம் கிடைக்கும்வரை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாப்பாடு ஒரு மெஸ்ஸில். பெட்டியிலிருந்து வேண்டிய துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அப்படியே பூட்டி வைத்திருந்தேன். அதே மெஸ்ஸில் சாப்பிடும் மின்வாரியக்காரர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. விடுமுறை நாள் காலையில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவார். தனியாக உட்கார்ந்திருந்த என்னை ஒரு நாள், "இங்கன கெடந்து என்ன செய்யப் போறீய, வாங்க தம்பி" என்று கூட்டிப்போனார். எனக்கு நீச்சல் தெரியாது என்று படித்துறையில் நின்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அது அவர் பொறுப்பாயிற்று.

முதுகுக்கு அடியில் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு, தாமிரபரணியில் என்னை மல்லாக்கப் படுக்க வைப்பார். நான் கையைக் காலை அடித்துக்கொள்வேன். "தண்ணிய எதுக்குத் தம்பி அடிக்கிய? அதுவா தூக்கும்லா" என்பார். சத்தம் போட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. எத்தனை தடவை மூழ்கி எழுந்தாலும் அதே குரல், அதே வாக்கியம். எப்போது கையை எடுத்தார் என்று எனக்குத் தெரியாமலே நான் மிதந்துகொண்டிருந்தேன். கொஞ்ச காலத்தில் உத்தரவு வந்தது, நான் கிளம்பினேன். ரயிலடிக்கு வந்து வழியனுப்பினார். பிறகு சந்திக்கவில்லை. சந்திப்போம் என்று நாங்கள் இருவருமே சொல்லிக்கொள்ளவும் இல்லை.

என் மகளுக்கு நீச்சல் பழக்கியபோது, அவள் முதுகுக்கு அடியில் கையை வைத்து நான் சொன்னது அண்ணாச்சியின் வாக்கியம்தான். திருநெல்வேலிப் பேச்சு எனக்குச் சொந்தமில்லை. ஆனால் அந்த 'லா' அப்படியே வந்தது. "இப்படி யார் பேசுவா?" என்று மகள் கேட்டாள். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்ல மறந்தேன் என்பதும் சரியில்லை. என் கதையைச் சொல்லும்படி யார் கேட்டாலும் படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்றுதான் அது போகிறது. அந்தக் கோவையில் அண்ணாச்சிக்கு இடம் வருவதில்லை. ஆனால் பயந்தவர்களிடம் குரலை உயர்த்தாமல் இருப்பது, கற்றுக்கொடுக்கும்போது அவசரப்படாமல் இருப்பது என்று என்னிடம் நல்லதாக இருப்பவற்றில் ஒன்றிரண்டு அந்த ஆற்றில் வந்தவை.

ஆகவேதான் ஃபெர்ன் பற்றிய கேள்விக்கு நான் வாசகர்களோடு சேர்ந்து தலையாட்டிவிட்டு, அங்கேயே நிற்காமல் வேறு பக்கம் போகிறேன். முதல் நாவலில் அவள் பெயர் இல்லாததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை எழுதியபோது பால்ட்ரீயின் மனதில் ஃபெர்ன் பிறக்கவில்லை. முன்கதை எழுதும் எவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பின்னால் நடந்தது ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அதற்கு முன்னால் புதிதாக ஒருத்தரை நுழைத்தால் அவர் ஏன் பிறகு பேசப்படவில்லை என்ற ஓட்டை விழும். சில எழுத்தாளர்கள் அந்த ஆளைச் சாகடித்து ஓட்டையை அடைப்பார்கள், சிலர் பெரிய சண்டையை மூட்டிவிடுவார்கள். பால்ட்ரீ அப்படிச் செய்யவில்லை. தோழிகள் அன்பாகப் பிரிகிறார்கள், பிறகு காலம் போகிறது. ஓட்டை ஓட்டையாகவே இருக்கிறது. அது எழுத்தாளரின் தைரியமா, வேறு வழியில்லாமல் விட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நான் அறிந்த வாழ்க்கையில் அது அப்படித்தான் இருக்கிறது.

இந்த எண்ணத்தோடு முதல் நாவலுக்குத் திரும்பிப் போனால் சில இடங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. தூன் காப்பிக்கடையில் பலகாரம் செய்ய வருபவன் திம்பிள். அவனும் எலி இனம். பேச்சே இல்லாதவன் என்று சொல்லும் அளவுக்குக் கூச்சம். விவ் அவனை நடத்தும் விதத்தில் ஒரு பொறுமை இருக்கும். அவன் ஓரிரு சொல்லில் கேட்பதைப் புரிந்துகொண்டு வாங்கிக்கொடுப்பாள். முதல் தடவை படித்தபோது அதை அவளுடைய சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். மர்க்கைப் பார்த்த பிறகு, அந்த இனத்துப் பெண்ணொருத்தி அவளை வாசகியாக்கியதும், ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி அவளை நேசித்ததும் தெரியும். ஆள் வராத கடையை எப்படி நிமிர்த்துவது என்பதும் அவளுக்குப் புதிதல்ல. ஃபெர்னின் கடையில் அலமாரிகளைச் சரிசெய்து, எழுத்தாளரை வரவழைத்து வாசிப்பு நிகழ்ச்சி நடத்திய கூட்டத்தில் அவளும் இருந்தாள். காலினா என்ற கத்திக்காரி முதல் நாவலில் பழைய சகாவாக வந்துபோவாள். அவளை மர்க்கில் துடுக்குப்பிள்ளையாகப் பார்த்ததில் வாசகர்கள் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் பெயர் வந்ததால் நமக்கு அடையாளம் தெரிந்தவள் அவள். ஃபெர்னும் மேலீயும் பெயரில்லாமலே அந்தக் காப்பிக்கடைக்குள் இருந்திருக்கிறார்கள்.

பால்ட்ரீ இதையெல்லாம் பிறகு இட்டுக்கட்டினார் என்பார்கள். ஆம், பிறகுதான். நானும் அண்ணாச்சியை என் கதைக்குள் கொண்டுவந்தது பிறகுதான், மகள் கேட்ட பிறகு. அதனால் தாமிரபரணியில் நடந்தது பொய்யாகிவிடவில்லை. ஒருவரிடமிருந்து என்ன பெற்றோம் என்பது பெரும்பாலும் அவர் கை எட்டாத தூரத்துக்கு நாம் வந்த பிறகே தெரிகிறது. அப்போது திரும்பிப் பார்த்து அவருக்கு ஓர் அத்தியாயம் எழுதுவதை ஏமாற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குறுகிய காலத்துக்கு ஓர் இடத்தில் இருக்க நேரும்போது, பெட்டியைத் திறக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மர்க்கில் விவ் சந்தித்தவர்கள் யாரும் அந்தக் கணக்கைப் போடவில்லை. வரீன் உருவாக்கிய சாட்செல் என்ற எலும்புக்கூடுகூட அப்படித்தான். பைக்குள் எலும்பாகக் கிடந்து, கொஞ்சம் எலும்புத்தூள் தூவும்போது மட்டும் எழுந்து வருகிறவன். எழுந்திருக்கும் நேரத்தில் அவன் புத்தகம் படிக்கிறான், கடைக்கு வேலை செய்கிறான். நாவலில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் அவன்தான்.

2025-இல் வந்த மூன்றாவது நாவல் 'பிரிகண்ட்ஸ் அண்ட் பிரெட்நைவ்ஸ்' ஃபெர்னைச் சுற்றியது. பல ஆண்டுகள் கழித்து அவள் தன் கடையை மர்க்கிலிருந்து தூன் நகரத்துக்கு, விவ்வின் காப்பிக்கடைக்குப் பக்கத்திலேயே மாற்றிக்கொண்டு வருகிறாள். ஆக, முதல் நாவலில் பெயரே வராதவள் கடைசியில் தூன் நகரத்துக்கே வந்துவிட்டாள். எதை முதலில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு, எதிலிருந்து தொடங்கினாலும் புரியும் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். புரியும், உண்மைதான். ஆனாலும் கால வரிசைப்படி முன்கதையில் தொடங்காதீர்கள். 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' முதலில், 'புக்‌ஷாப்ஸ் அண்ட் போன்டஸ்ட்' பிறகு. அதை முடித்ததும் முதல் நாவலில் திம்பிள் வேலை கேட்டு வரும் பக்கங்களை மட்டுமாவது இன்னொரு தடவை படியுங்கள்.