தோல்வி கற்பிக்குமா?

"தோல்வியே வெற்றிக்கு முதற்படி" என்பது பள்ளிச் சுவர்களில் நெடுங்காலமாக எழுதப்பட்டு வரும் வாசகம். கேட்பதற்கு இனிய இவ்வாசகத்தை நின்று ஆராய்வோர் சிலரே. தோற்றவர் யாவரும் பின்னர் வென்றாரில்லை. ஒரே குழியில் பன்முறை வீழ்ந்தோரையும் உலகம் கண்டுள்ளது. ஆகவே இரண்டு வினாக்கள் எழுகின்றன. தோல்வி தானாகவே கற்பிக்குமா என்பது ஒன்று. கற்பிக்குமாயின் அப்பாடத்திற்கு விலை கொடுப்பவர் யார் என்பது மற்றொன்று. முன்னது கல்வியைப் பற்றியது. பின்னது அறத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஆராய, இக்காலச் சிறுவர் ஆடும் விளையாட்டு ஒன்றைத் துணையாகக் கொள்வோம்.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்பது கணிப்பொறியில் ஆடும் விண்வெளிப் பயண விளையாட்டு. மெக்சிகோ நாட்டில் உருவாகி 2011ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்தது. ஆடுவோர் எஞ்சின், எரிபொருள் தொட்டி, பாராசூட் முதலிய உறுப்புகளைத் தாமே தேர்ந்து ராக்கெட் ஒன்றை அமைத்து ஏவ வேண்டும். கெர்பின் என்னும் கோளும், அதனைச் சுற்றிவரும் மன் என்னும் நிலவும், கலத்தில் ஏறிச் செல்லும் பச்சை நிறக் குள்ளர்களும் கற்பனையே. ஆயினும் அக்கலங்களின் இயக்கம் நியூட்டனும் கெப்ளரும் கண்டுரைத்த விதிகளைத் தழுவியது. அதனால் ஆடுவோனின் விருப்பத்திற்கு அக்கலம் வளைந்து கொடுப்பதில்லை.

என் பேரன் இதனை ஆடும்போது பலநாள் அருகிருந்து கண்டேன். அவன் கற்பிக்க நானும் சிறிது ஆடினேன். தொடக்கத்தில் எல்லாரும் செய்வது ராக்கெட்டை நேர்மேலே செலுத்துவதுதான். கெர்பினின் காற்று மண்டலம் 70 கிலோமீட்டர் உயரத்தில் முடிகிறது. அதனைக் கடந்துவிட்டால் கலம் அங்கேயே நிற்கும் என்று சிறுவர் எண்ணுகின்றனர். அதுவோ சற்று மேலே சென்று, எறிந்த கல்லைப் போல் திரும்பி விழுகிறது. கோளைச் சுற்றிவர உயரம் மட்டும் போதாது; நொடிக்கு ஏறத்தாழ 2,200 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விரையவும் வேண்டும். உயரே போவது வேறு, உயரே நிலைபெறுவது வேறு என்பதைப் பத்து ராக்கெட்டுகள் விழுந்த பின்னரே அவன் உணர்ந்தான்.

வேறு வகைத் தோல்விகளும் உண்டு. உறுப்புகள் இயங்க வேண்டிய வரிசையைத் தவறாக அமைத்தால், எஞ்சின் எரியத் தொடங்கும் அந்நொடியே பாராசூட் விரிந்து கிழிந்து போகும். நிலவில் இறங்குவதற்கே எரிபொருளைச் செலவிட்டால் வீடு திரும்ப வழியிராது. குள்ளப் பயணி நிலவிலேயே நிற்பான். போகும் வழியை மட்டும் எண்ணித் திரும்பும் வழியை எண்ணாதவன் நிலை அது.

கலம் சிதறியதும் திரையில் ஒரு குறிப்புத் தோன்றும். எந்த நொடியில் எவ்வுறுப்பு எதனால் சிதைந்தது என்று அது வரிசையாகக் கூறும். அதனோடு ஏவுதலுக்கு முன்னிருந்த நிலைக்கே திரும்புவதற்கான பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் நடந்ததெல்லாம் நடவாததாகிவிடும். ஆடுவோர் இவ்விடத்தில் இருவகையாகப் பிரிகின்றனர். ஒருவகையினர் குறிப்பைப் படியாமலே பொத்தானை அழுத்தி, இன்னும் இரண்டு எஞ்சின்களை மாட்டி மீண்டும் ஏவுவர். மற்றவர் முதலில் குறிப்பைப் படிப்பர்.

ஆசிரியப் பணியில் இருந்தோர் இக்காட்சியை வேறு வடிவில் பன்முறை கண்டிருப்பர். திருத்திய விடைத்தாளைக் கொடுத்தவுடன் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைக்கும் மாணவர் பலர். தவறிய கணக்கு எந்த வரியில் தவறியது என்று விரலால் தொட்டுப் பார்ப்பவர் சிலர். அடுத்த தேர்வில் உயர்வோர் இச்சிலரே. இருவர்க்கும் தோல்வி ஒன்றே, பயனோ வேறு. எனவே நம் முதல் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. தோல்வி தானாகக் கற்பிப்பதில்லை. திரும்பிப் பார்த்தலே கற்பிக்கிறது. தோல்வி அதற்கு ஒரு வாய்ப்பு மட்டுமே.

இனி அறத்தைப் பற்றிய வினாவிற்கு வருவோம். அருகிருந்து பார்த்த என் பேத்தி ஒருநாள், "பாட்டி, இந்தக் குள்ளர்கள் இறந்தால் நமக்குப் பாவம் உண்டா?" என்று கேட்டாள். சிறுபிள்ளையின் வினாவெனத் தள்ளத்தக்கதன்று. யசோதர காவியம் தோன்றிய சமூகத்தில் பிறந்தோர் இவ்வினாவிற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். உயிர்க்கோழியைக் கொல்ல அஞ்சிய யசோதரன், தாயின் சொற்கேட்டு மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டான். அதன் பயனாக அவனும் அவன் தாயும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர் என்கிறது அக்கதை. கோழி மாவாக இருந்தது. கொல்லும் எண்ணம் மாவாக இருக்கவில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு விளையாட்டை நோக்குவோம். அரசன் பலியிடுவதற்கென்றே கத்தியை ஓங்கினான். ராக்கெட்டை ஏவும் சிறுவனோ தன் பயணியை வீடு கொண்டுவந்து சேர்க்கவே முயல்கிறான். சேர்க்க இயலாதபோது வருந்துகிறான். இங்கே கொலையெண்ணம் இல்லை. ஆயின் அதே விளையாட்டில், குள்ளர்கள் வெடித்துச் சிதறுவதைக் கண்டு சிரிப்பதற்காகவே கலத்தை மோதவிடுவோரும் உளர். திரையில் நிகழ்வது இரண்டிலும் ஒன்றே. உள்ளத்தில் நிகழும் பழக்கம் ஒன்றன்று. "நீ எதை எண்ணி ஏவுகிறாய் என்று பார்" என்பதே அக்குழந்தைக்கு நான் கூறிய விடை.

திரைக்கு வெளியே உண்மையான விண்வெளிப் பயணங்களில் பாடத்தின் விலை என்ன? 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் 2 என்னும் கலத்தில் லைக்கா என்னும் நாயை ஏற்றி அனுப்பியது. மாஸ்கோ தெருவில் திரிந்த நாய் அது. அதனை மீண்டும் தரையிறக்க எவ்வித ஏற்பாடும் அக்கலத்தில் இல்லை. கலத்தில் வெப்பம் மிகுந்து சில மணி நேரத்திலேயே அது இறந்தது என்னும் உண்மை 2002ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. நாய்களைப் பழக்கிய அறிவியலாளருள் ஒருவரான ஓலெக் கசென்கோ 1998ஆம் ஆண்டில், அச்சாவை நியாயப்படுத்தும் அளவிற்குத் தாங்கள் எதையும் கற்கவில்லை என்று வெளிப்படையாக வருந்தினார்.

அவர் வருத்தம் போற்றற்குரியது. எனினும் இன்னும் ஓரடி உள்ளே சென்று கேட்க வேண்டும். போதிய அளவு கற்றிருந்தால் அச்செயல் சரியாகிவிடுமா? விலை கொடுத்தது நாய். பொருள் பெற்றவர் மனிதர். அந்நாய்க்கு எங்குச் செல்கிறோம் என்பது தெரியாது; மறுத்துரைக்கவும் இயலாது. தன் உயிரைப் பணயம் வைத்துத் தான் கற்பது துணிவு. பிறிதோர் உயிரைப் பணயம் வைத்துக் கற்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

இவ்விடத்தில்தான் ஒத்திகையின் அறச்சிறப்பு விளங்குகிறது. நடந்தால் தீங்காகும் தோல்வியை, எவ்வுயிர்க்கும் தீங்கு நேராத இடத்திற்கு முன்னரே அழைத்துவந்து நடத்திப் பார்ப்பதே ஒத்திகை. அப்பல்லோ 11 பயணத்திற்குமுன் அமெரிக்காவின் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் இத்தகைய ஒத்திகைகள் பல நடந்தன. இறுதிக் கட்ட ஒத்திகை ஒன்றில் பயிற்சியாளர்கள், இறங்குகலத்தின் கணிப்பொறி அபாய அறிவிப்பு எழுப்புமாறு செய்தனர். அதன் பொருளை அறியாத ஸ்டீவ் பேல்ஸ் என்னும் 26 வயது இளைஞர், இறங்குவதைக் கைவிடும்படி கூறிவிட்டார். கைவிட வேண்டிய தேவையே இல்லை என்பது பின்னர் விளக்கப்பட்டது. அத்துடன் அவர்கள் அமையவில்லை. இதுபோன்ற அறிவிப்பு எண்கள் யாவற்றையும் ஆராய்ந்து, எதற்கு என்ன செய்ய வேண்டும் என்னும் பட்டியலை 24 வயதான ஜாக் கார்மன் கைப்பட எழுதி வைத்தார்.

1969ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்னும் அபாய எண் உண்மையாகவே ஒளிர்ந்தது. கார்மன் பட்டியலை நோக்கினார், தொடரலாம் என்றார், பேல்ஸ் அதனை உறுதி செய்தார். கலம் இறங்கியது. ஒத்திகையில் தோற்காதிருந்தால் அந்நாளில் அவர்கள் தோற்றிருக்கக்கூடும். விலையின்றிப் பெற்ற பாடம் இரண்டு மனிதரின் பயணத்தைக் காத்தது.

தோல்வியினும் கொடிய ஆசிரியன் ஒருவன் உண்டு. தற்செயலாகத் தப்பிய வெற்றியே அவன். 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் சாலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73ஆம் நொடியில் சிதைந்து, எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை. பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் விறைத்து, வெப்பவாயுவைத் தடுக்க இயலாமற் போனதே காரணம். முந்தைய பயணங்களிலும் அவ்வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. அப்போதெல்லாம் விண்ணோடம் நலமாகத் திரும்பியமையால், இவ்வளவு அரிப்பு தாங்கத்தக்கதே என்று மேலாளர் எண்ணிவிட்டனர். ஏவுதலின் முன்னிரவில் குளிரைக் காட்டித் தடுத்த பொறியாளர் சொல்லும் ஏறவில்லை. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரைக் கொலம்பியா விண்ணோடத்தில் இழந்ததும் இத்தகையதே. எரிபொருள் தொட்டியின் மேலுறைத் துண்டுகள் முன்னரும் பன்முறை பெயர்ந்து விழுந்திருந்தன. கேடு விளையாமையால் அது வழக்கமாகிப் போயிற்று.

எழுவரைக் கொல்ல எவரும் எண்ணவில்லை. ஆனால் எச்சரிக்கை கண்முன் கிடந்தும் படிக்கப்படவில்லை. இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துத் தத்துவார்த்த சூத்திரம் சோர்வுடைமையை முன்வைப்பது ஏன் என்பது இங்கு விளங்கும். கொல்லும் எண்ணம் இல்லை என்பது மட்டும் ஒருவனைக் குற்றத்தினின்று விடுவிக்காது. பார்க்க வேண்டியதைப் பாராமையும் குற்றமே. விளையாட்டில் எரிபொருள் தீரும் நேரத்தில் தற்செயலாக இறங்கிவிட்ட சிறுவன் மகிழ்ந்து துள்ளுவது இயல்பு. அவனை அருகழைத்து, "இன்னும் சிறிது உயரத்தில் தீர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பதே மூத்தோர் கடமை.

நன்கு திரும்பிப் பார்த்ததற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான் 2இன் விக்ரம் இறங்குகலம் நிலவில் மோதிச் சிதைந்தது. அதில் உயிர் எதுவும் இல்லை. இஸ்ரோ அறிஞர்கள் அதன் இறுதி நிமிடங்களைக் கூறுகூறாக ஆராய்ந்தனர். எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததினும் சற்று மிகுந்ததும், பிழையை விரைந்து திருத்தக் கலத்தால் இயலாமற் போனதும், இறங்குமிடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் எனக் குறுகியிருந்ததும் புலப்பட்டன. அடுத்த கலத்தில் எரிபொருள் கூட்டப்பட்டது, கால்கள் வலுப்படுத்தப்பட்டன, இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. எவையெவை தவறக்கூடும் என்னும் கேள்வியிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்கினர். விழுப்புரத்தில் பிறந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் நிலவில் நலமாக இறங்கியது.

விளையாட்டிற்கும் வாழ்விற்கும் உள்ள வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. வாழ்வில் பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தான் இல்லை. சொன்ன கடுஞ்சொல் சொன்னதே. மிதித்த எறும்பு மிதித்ததே. எதையும் அழித்துவிடலாம் என்னும் எண்ணத்தை விளையாட்டினின்று எடுத்துச் செல்வோன் வாழ்வில் துன்புறுவான், பிறரையும் துன்புறுத்துவான். ஆயினும் அப்பொத்தானுக்கு அருகில் இருந்த குறிப்பு வாழ்விலும் உண்டு. நாளின் முடிவில் அமர்ந்து, செய்த பிழைகளை ஒவ்வொன்றாக நினைந்து, இனிச் செய்யேன் என உறுதி கொள்ளும் பிரதிக்கிரமணம் அதுவே. நடந்ததை அது அழிப்பதில்லை. நடக்கவிருப்பதைத் திருத்துகிறது.

ஆகவே, இல்லத்துப் பிள்ளைகள் இத்தகைய விளையாட்டில் ஈடுபடும்போது பெற்றோர் வீண்பொழுது என வெகுளவும் வேண்டா. கண்டும் காணாதிருக்கவும் வேண்டா. கலம் விழுந்தவுடன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். என்ன நடந்தது? எதனால் நடந்தது? அடுத்த முறை எதை மாற்றுவாய்? இவற்றிற்கு விடை சொல்லியபின் அவன் பொத்தானை அழுத்தட்டும். எவ்வுயிர்க்கும் இடரில்லாத இடத்தில் இப்பழக்கம் வேரூன்றினால், உயிர்கள் நிறைந்த உலகில் அவன் கை தானே நிதானிக்கும். பிறர் விலை கொடுக்கும் முன்னரே கற்றுக்கொள்வது அறிவு மட்டுமன்று, அருளும் ஆகும்.