யாருடைய சுமை குறைகிறது?

2023 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. காலை 10 மணிக்கு நாட்டு மக்கள் எல்லோரும் ஒரு மணி நேரம் துப்புரவுப் பணி செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசு அழைப்பு விடுத்தது. 2014-ல் காந்தி பிறந்த நாளன்று தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது முதலே அக்டோபர் 2-ஐ ஒட்டிய நாட்கள் தொண்டு நாட்களாகிவிட்டன. மாணவர்களும் அரசு ஊழியர்களும் கையுறை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். இது அறமா, அறத்தின் பெயரால் நடக்கும் சடங்கா? வெளியூர்க்காரர்கள் வந்து குளித்துவிட்டுப் போக, உள்ளூர்க்காரர்கள் அள்ளித் தீரவேண்டிய குற்றாலத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம்.

குற்றாலத்தில் சாரல் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். சீசன் களைகட்டினால் பேரருவியில் இரவிலும் கூட்டம் குறையாது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பாக்கெட்டுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்கும்போது அதன் மூலை தனியே வந்துவிடும். நகத்தளவுதான் இருக்கும். பாறை இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டால் துடைப்பத்துக்கு வராது. ஈரப் பாறையில் வழுக்காமல் குனிந்து நின்று, விரலால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்களின் அன்றாட வேலை இது. அவர்கள் கைக்குத் தப்பியது சிற்றாற்றில் இறங்கி, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

அக்டோபர் 2 இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவில் வருகிறது. அருவிக்கரை ஓரளவு ஓய்ந்திருக்கும் நாளில் அருவிக்கரையைக் கூட்டுவதால் பெரிய பயன் இல்லை. அப்போது தேவைப்படுவது வேறு: வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் சிக்கியிருப்பதை அகற்றுவது. அங்கே சேறும் நாற்றமும் உண்டு. விழா மேடை போட இடமில்லை. எங்கே வேலை இருக்கிறது என்று கேட்காமல், எங்கே நின்றால் தெரியும் என்று பார்த்து இடம் தேர்ந்தெடுத்தால், அந்தத் தொண்டு யாருக்காக என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது.

இதற்காக ஒருநாள் தொண்டையே வெறும் வேடம் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி என்பது அதன் கணக்கு. குப்பை அள்ளுவதைப் பிறப்போடு கட்டிப்போட்ட சமூகம் இது. இங்கே எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அடுத்தவர் எச்சிலையைக் குனிந்து எடுப்பது சிறிய காரியமல்ல. ஒரு முறை எடுத்த கைக்கு, மறுமுறை கீழே போடக் கூச்சம் வரும். அந்தக் கூச்சம் பாடப் புத்தகத்தால் வராது.

ஆனால் மாணவர்களை வருகைப் பதிவுக்காகக் கட்டாயப்படுத்தி அழைத்து வருவது வேறு விஷயம். குளம், வாய்க்கால்களை ஊர்கூடிச் செப்பனிடும் வேலைக்கு நம்மிடம் குடிமராமத்து என்ற பழைய மரபு உண்டு. சென்னை மாகாணத்தில் 1858-ல் அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. ஊர் நன்மை என்று சொல்லப்பட்ட உழைப்பில் மண்வெட்டி பெரும்பாலும் நிலமில்லாதவர் கையிலேயே இருந்தது. வரப்பில் நின்றவருக்கும் வாய்க்காலில் இறங்கியவருக்கும் இருந்த அந்த இடைவெளி இன்றைய தொண்டு நாளிலும் இருக்கக்கூடும். முந்தின நாளே வந்து இடத்தை ஒழுங்குபடுத்துவதும், தொண்டர்கள் கட்டிவைத்த மூட்டைகளை மாலையில் வண்டியில் ஏற்றுவதும் அதே தூய்மைப் பணியாளர்தான் என்றால், அந்த நாள் அவருக்குக் கூடுதல் வேலை நாள். உதவி பெற வேண்டியவரின் முதுகிலேயே சுமையை ஏற்றிவிட்டு அதைச் சேவை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

1934-ல் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகக் காந்தி குற்றாலத்துக்கு வந்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் அருவிக்குப் போக முடியாது என்று அறிந்ததும் தாமும் குளிக்க மறுத்துவிட்டார். யார் பிறந்த நாளில் துடைப்பம் எடுக்கிறோமோ, அவர் இந்த ஊரில் செய்தது ஒரு சுகத்தை விட்டுக்கொடுத்தது. சேவையில் அதுவும் சேரும். அருவிக்கு வருகிற ஒருவர் ஷாம்பு பாக்கெட்டையும் பிளாஸ்டிக் பையையும் வீட்டிலேயே விட்டுவந்தால், அக்டோபரில் ஒரு மணி நேரம் பெருக்குவதைவிட அது பெரிய தொண்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது.

ஆகவே ஒருநாள் தொண்டு வேண்டாம் என்பதல்ல முடிவு. தூய்மைப் பணியாளரின் சுமையை அது குறைத்தால் அறம், கூட்டினால் அறமல்ல. தென்காசியிலும் குற்றாலத்திலும் அடுத்த காந்தி பிறந்த நாளுக்குத் திட்டமிடுகிறவர்கள், முதலில் அந்தப் பணியாளர்களை உட்காரவைத்து எந்த இடத்தில் கைவைக்க வேண்டும் என்று கேளுங்கள். அன்று அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள். கட்டிய மூட்டைகளை நீங்களே வண்டியில் ஏற்றுங்கள்.