தூண்டில் முனையில் ஒரு வினா

கேமரன் மலையின் கியா பார்மில் பள்ளி விடுமுறையைக் கழிக்க வந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். காய்கறிச் சந்தையையும் தேயிலைச் சரிவுகளையும் கண்டு களித்தபின், அவர்கள் மலைப்பாதையில் கீழிறங்கி ரிங்லெட் ஏரியை அடைகின்றனர். 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையால் உருவான ஏரி அது. தந்தை தூண்டிலில் இரை கோக்கிறார். மகன் நீரையே நோக்கி நிற்கிறான். மிதவை அமிழ்கிறது. கரைக்கு வந்து துடிக்கும் மீனைக் கண்ட சிறுவன், "அப்பா, அதற்கு வலிக்காதா?" என்று வினவுகிறான்.

விடை மூவகையாக அமையலாம். "மீனுக்கு வலி தெரியாது" என்பது முதலாவது. பெரும்பாலோர் கூறுவது இதுவே. ஆனால், டிரவுட் மீனின் முகத்திலும் உதட்டிலும் ஊறு விளைவிப்பவற்றை உணரும் நரம்பு முனைகள் உண்டென்பதை லின் ஸ்னெடனும் அவர்தம் குழுவினரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் அவ்வுதட்டைத் தொட்டியின் கற்களில் தேய்த்தன. நெடுநேரம் இரை கொள்ளவில்லை. அது நாம் அறியும் வலிதானா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ஐயமுள்ள இடத்தில் பிள்ளைக்கு உறுதி கூறுதல் வாய்மையாகாது.

"பிடித்துவிட்டு மீண்டும் நீரில் விட்டுவிடலாம்" என்பது இரண்டாவது. இதில் அருள் இருப்பதுபோல் தோன்றும். உயிர் பிழைப்பதும் உண்மையே. ஆனால் அத்துன்பம் எதன்பொருட்டு? ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்கிற்காகவே டிரவுட் மீனைக் கடல் கடந்து கொணர்ந்து நீலகிரியின் ஓடைகளில் வளர்த்தனர். பசிக்காக அன்றி விளையாட்டுக்காகவே ஓர் உயிரை வருத்தலாமா என்ற கேள்வி அங்கும் எழத்தான் செய்யும். விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து நாடு சட்டத்தால் தடுத்திருப்பது சிந்தித்தற்குரியது.

மூன்றாவது விடை கடினமானது. "வலிக்கலாம், மகனே. அதனால் உண்பதற்கு வேண்டியதற்குமேல் பிடித்தலாகாது; பிடித்ததை நெடுநேரம் துடிக்க விடலாகாது; வீணாக்கவும் ஆகாது" என்பதே அது. வள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். ஆகவே இல்லறத்தார்க்கு விலக்கு உண்டு என்று வாதிடுவோர் உளர். அவ்வாறே கொள்ளினும், அருளைப் பற்றிய வினாவைக் கேட்காதிருக்க எவர்க்கும் விலக்கில்லை. கடலை நம்பி வாழும் நெய்தல் நில மக்களை இவ்வினா பழிக்கவில்லை. தேவைக்கும் களிப்புக்கும் இடையே கோடு எங்கே என்றுதான் கேட்கிறது.

தூண்டிலைத் தொடாதவரும் இதனின்று தப்ப இயலாது. மேட்டு நிலங்களைத் திருத்திப் பயிரிடுவதால் அரித்துவரும் வண்டல், ரிங்லெட் ஏரியைப் பல்லாண்டுகளாகத் தூர்த்து வருகிறது. மலைச்சரிவில் விளைந்த முட்டைக்கோசை உண்பவரின் உணவுக்கும் நீர்வாழ் உயிர்கள் விலை கொடுக்கின்றன. கை கறைபடாதவன் என்று செருக்குக் கொள்வதற்கு ஒருவர்க்கும் இடமில்லை.

உண்மையைக் கூறும் தந்தைக்கு ஓர் இழப்பு நேரக்கூடும். அதைக் கேட்ட மகன் தூண்டிலைக் கீழே வைத்துவிடலாம். மறு விடுமுறையில் உடன் வர மறுக்கவும் செய்யலாம். அவ்விழப்புக்கு அஞ்சி வினாவை அடக்கும் தந்தை, மீன் பிடிக்கும் துணையைக் காத்துக்கொள்கிறார். மகனின் இரக்கத்தை இழந்துவிடுகிறார். இன்று மீனின் வலியைப் பற்றிக் கேட்கக் கூடாதென்று கற்கும் பிள்ளை, நாளை எளிய மனிதரின் வலியைப் பற்றியும் கேளாதிருக்கப் பழகிவிடுவான் அன்றோ?

மீன் பிடிப்பதா, விடுவதா என்பதை அவன் வளர்ந்தபின் தானே முடிவு செய்துகொள்வான். அம்முடிவுக்கு வேண்டிய உண்மையை மறைக்காமல் தருவதே ஏரிக்கரையில் தந்தை ஆற்ற வேண்டிய கடமை.