கூலி கிடைக்காத ராஜா

எசேக்கியேல் 26ஆம் அதிகாரத்தை எடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. தீரு பட்டணத்தைக் குறித்துச் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிறைவேறிற்று என்பார் ஒருவர். எங்கே நிறைவேறிற்று, அந்த ஊர் லெபனானில் சூர் என்ற பெயரோடு இன்றைக்கும் இருக்கிறதே என்பார் இன்னொருவர். இருவருமே 26ஐ வாசித்தவர்கள். 29ஐயும் வாசித்தார்களா?

எசேக்கியேல் இதைச் சொன்னது, எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்த காலத்தில், கி.மு. 586ஐ ஒட்டி. தீருவோ கரையை விட்டு விலகி, கடலுக்குள் நின்ற தீவுப் பட்டணம். எதிர்க்கரையிலும் அதற்கு ஊர் இருந்தது. சாலொமோன் ஆலயம் கட்டக் கேதுரு மரம் அனுப்பிய ஈராம் ராஜாவின் ஊர் தீரு. அப்படிப்பட்ட பழைய சிநேகிதி, எருசலேம் இடிந்ததும், போட்டி ஒழிந்தது, இனி வியாபாரமெல்லாம் எனக்குத்தான் என்று பூரித்தாள். அதைக் கேட்டுத்தான் தீர்க்கதரிசி வாய் திறந்தார். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வருவான், கல்லும் மரமும் மண்ணும் தண்ணீரில் விழும், மீன்வலை விரிக்கிற வெறும் பாறையாவாய், திரும்பக் கட்டப்படமாட்டாய் என்றார்.

நேபுகாத்நேச்சார் வந்தான். முற்றுகை 13 ஆண்டுகள் நீடித்ததாக யூத சரித்திராசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். முடிவில் தீரு பாபிலோனுக்கு அடங்கிற்று. ஆனால் தீவு தரைமட்டமாகவில்லை. இங்கேதான் பலர் சட்டென்று மகா அலெக்சாந்தரிடம் தாவுகிறார்கள். கி.மு. 332இல் அவன் கரையிலிருந்த பழைய ஊரின் இடிபாடுகளை வாரிக் கடலில் கொட்டி, தீவுக்குப் பாதை போட்டு, ஏழு மாதத்தில் பட்டணத்தைப் பிடித்தான். கல்லும் மண்ணும் தண்ணீரில் விழுந்தது உண்மை. கடல் அலை அலையாய் எழும்புவதுபோல அநேக ஜாதிகள் வருவார்கள் என்று அதே அதிகாரம் சொல்வதால், இந்த விளக்கத்தை வெறும் சமாளிப்பு என்று நான் தள்ளமாட்டேன். ஆனாலும் அது முழுவதற்கும் பதிலாகாது. 20 ஆண்டுகளுக்குள் அதே பட்டணம் அந்திகோனு என்ற தளபதியின் முற்றுகையைப் பல மாதங்கள் தாங்கி நின்றது. கர்த்தராகிய இயேசு தீருவின் எல்லைகளுக்குப் போனார். பவுல் அங்கே சீஷர்களோடு ஏழு நாள் தங்கினார். ஒருவரும் இல்லாத பாறையில் சபை இருக்க முடியுமா?

இப்போது 29ஆம் அதிகாரம், 17ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். முந்தின வார்த்தைக்கு ஏறக்குறைய 16 ஆண்டுகள் கழித்துத் தேதி போட்டிருக்கிறது. எசேக்கியேல் புத்தகத்தில் தேதியிட்டவற்றில் இதுவே கடைசி. பாபிலோன் ராஜாவின் சேனை தலை மொட்டையாகி, தோள் தேய்ந்துபோகுமட்டும் உழைத்தும், தீருவினால் அவனுக்குக் கூலி கிடைக்கவில்லை. ஆகையால் எகிப்தை அவனுக்குக் கூலியாகக் கொடுக்கிறேன் என்கிறது வேதம். இதைச் சொன்னது யார்? விசுவாசத்தைக் கேலி செய்கிறவரா? அதே எசேக்கியேல்!

பொய்த் தீர்க்கதரிசி 26ஆம் அதிகாரத்தைக் கிழித்துப் போட்டிருப்பான், அல்லது நடந்ததற்கு ஏற்றபடி திருத்தியிருப்பான். இவர் இரண்டையும் ஒரே சுருளில் விட்டுவைத்தார். அதைப் பிரதி எடுத்தவர்களும், வேதமென்று ஏற்றுக்கொண்டவர்களும் ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு இந்த நேர்மையே பெரிய சாட்சி. தீர்க்கதரிசியே ஒளிக்காததை, அவருக்கு வக்கீலாகப் போய் நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

சிலர் எரேமியா 18ஐக் காட்டி, மனந்திரும்புகிற ஜாதிக்குச் சொன்ன தீங்கைக் கர்த்தர் விலக்குவார் என்பார்கள். நினிவே அப்படித்தான் தப்பியது. ஆனால் தீரு மனந்திரும்பியதாக எசேக்கியேலில் ஒரு வரியும் இல்லை. இல்லாத வரியை நான் சேர்க்கமாட்டேன். தீருவின் ஆணவம் நொறுங்கிற்று, ஆனால் ஊர் மிஞ்சிற்று. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு வேதனை தருவது இன்னொன்று. இந்த அதிகாரத்தை வைத்து எதிராளியின் வாயை அடைத்துவிட்டோம் என்று கொண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு பக்கத்திலும். அயலான் விழுந்ததைக் கண்டு பூரித்த குற்றத்துக்காக எழுதப்பட்ட அதிகாரமல்லவா இது? அதே தீருவைக் குறித்து 87ஆம் சங்கீதம் என்ன சொல்கிறது? சீயோனில் பிறந்தவர்களாகக் கர்த்தர் பேர் எழுதும் ஜனங்களோடு தீருவையும் சேர்க்கிறது.

அடுத்த கூட்டத்தில் தீருவின் ராஜாவைப் பற்றிய 28ஆம் அதிகாரத்தைத் தியானிப்போம். அதற்குள் 26இல் தொடங்கி 29ஆம் அதிகாரம் முடியும்வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வாருங்கள்.