பகைவனைப் பற்றிய பழிச்சொல்

பகை நாட்டைப் பற்றி ஒரு கொடிய செய்தி வருகிறது. அதை ஆராயாமல் நம்புகிறவன் செய்வது வெறும் பிழையா, அறக்குற்றமா? பொய்யைக் கட்டியவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கேட்டவனை மட்டும் ஏமாந்தவன் என்று இரக்கப்பட்டு விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்பது என் துணிபு. உண்மையை அறியும் வழிகளுக்கு அளவை என்று நம்மவர் பெயர் வைத்தார்கள். காண்டல், கருதல், உரை என்று மூன்றைச் சைவ சித்தாந்தம் சொல்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதை பத்து அளவைகளைப் பேசுகிறது. அவற்றில் ஒன்று ஐதிகம். இன்னார் சொன்னார் என்று அறிய முடியாமல் வழிவழியாக உலவும் பேச்சு அது. இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதை மெய்யென்று தெளிவதுதான் அதற்குக் காப்பியம் காட்டும் உதாரணம். மீமாம்சை ஆசிரியர் சைமினி கொண்ட ஆறு அளவைகளில் ஐதிகத்துக்கு இடமில்லை. உரை அளவை ஐதிகத்திலிருந்து முற்றிலும் வேறு. அதற்குச் சொன்னவர் ஒருவர் வேண்டும். நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், பொருளை நேராக அறிந்து அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவனை நம்பத்தக்கவன் என்கிறார். முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் ஒன்றே என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்நியன் என்பதால் சாட்சி தாழ்வதில்லை. நம்மவன் என்பதால் உயர்வதுமில்லை.

ஐதிகத்துக்கும் உரைக்கும் உள்ள இந்த வேறுபாடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் உலகப் போரில் சான்று இருக்கிறது. எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசிய அதே போர். 1917 ஏப்ரல் 10 அன்று பெர்லின் நாளிதழ் ஒன்றில் கார்ல் ரோஸ்னர் என்ற போர்முனைச் செய்தியாளர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். சுண்ணாம்பு சுடுவது போன்ற நாற்றம் காற்றில் வந்தது என்றும், ‘கடாவர்’களைப் பயன்படுத்தும் நிலையம் ஒன்றைக் கடந்து போனோம் என்றும் அதில் இருந்தது. கொழுப்பு அங்கே மசகெண்ணெய் ஆகிறது. மீதி எலும்பு ஆலையில் பொடியாகிப் பன்றித் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகிறது. ஜெர்மன் மொழியில் கடாவர் என்றால் பொதுவாகச் செத்த விலங்கின் உடல். போர்முனையில் குதிரைகள் கணக்கில்லாமல் மடிந்துகொண்டிருந்த காலம் அது. ஆங்கிலத்தில் அதை ஒத்த சொல் மனிதப் பிணத்தைக் குறிக்கும். ஒரே வாரத்தில், ஏப்ரல் 17 அன்று, லண்டனின் ‘டைம்ஸ்’ இதழும் ‘டெய்லி மெயில்’ இதழும் ஜெர்மானியர் தங்கள் வீரர்களின் பிணங்களையே காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்று அச்சிட்டன. கூடவே பெல்ஜியப் பத்திரிகை ஒன்றின் நீண்ட வருணனையும் வந்தது. கம்பியால் கட்டிய பிணக் கட்டுகள் ரயிலில் வந்து இறங்குகின்றன. எண்ணெய்த்துணி அங்கியும், கண்ணுக்கு மைக்காத் தகடு பதித்த முகமூடியும் அணிந்த வேலையாட்கள் நீண்ட கொக்கிக் கழிகளால் அவற்றைத் தள்ளுகிறார்கள். மைக்காத் தகடு வரை வாசகர் கண்முன் நிற்கிறது. அதைப் பார்த்தவர் யார் என்பது எங்கும் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. பத்திரிகையில் வந்ததற்கு மேல் அரசிடம் தகவல் இல்லை என்றார் அமைச்சர் ராபர்ட் செசில். ஆனால் ஜெர்மன் ராணுவம் செய்த மற்றவற்றை நினைத்தால் இதில் நம்பமுடியாதது எதுவுமில்லை என்றும் சொன்னார். சான்று கையில் இல்லை என்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில், பகைவனின் குணமே சான்றாக வைக்கப்பட்டது. கேட்பவன் செய்யும் குற்றம் என்று நான் சொல்வது இதைத்தான். 1925 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லைன் அதே அவையில் எழுந்து, கதைக்கு அடிப்படையே இல்லை என்ற ஜெர்மன் அரசின் மறுப்பை ஏற்றுக்கொண்டார்.

செசில் குறிப்பிட்ட ‘மற்றவை’ பொய்யல்ல. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் டினான் நகரில் ஜெர்மன் படை 600க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. லூவன் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் அந்தப் படையெடுப்பில் கொல்லப்பட்ட பொதுமக்கள் சுமார் 6,500 பேர் என்று ஜான் ஹோர்ன், ஆலன் கிராமர் என்ற வரலாற்றாய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த 6,500 பேருக்காகப் பேச உண்மையே போதும். ஆனால் 1915 மே மாதம் வெளிவந்த பிரைஸ் குழு அறிக்கை, சத்தியப் பிரமாணம் இல்லாத, சாட்சி பெயர் சொல்லாத வாக்குமூலங்களை நடந்த கொலைகளோடு சேர்த்துக் கட்டியது. போர் முடிந்ததும் மக்கள் அந்த அறிக்கையைக் கட்டோடு தூக்கி எறிந்தார்கள்; டினானில் செத்தவர்களும் அதோடு போனார்கள். எதிர்த்தரப்பும் வேறு வழியில் போகவில்லை. 1914 அக்டோபரில் மாக்ஸ் பிளாங்க், ராண்ட்ஜன் உட்பட 93 ஜெர்மன் அறிஞர்களும் கலைஞர்களும், பெல்ஜியத்தைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையல்ல என்று உலகுக்கு அறிக்கை விட்டார்கள். தங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டைச் சரிபார்க்காமல் ஏற்காதவர்கள், தங்கள் படையின் சொல்லை அப்படியே ஏற்றார்கள்.

நீதியான போருக்கு ஒரு பொய் துணை நின்றால் என்ன தவறு என்று கேட்கலாம். திருக்குறளே குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வாய்மையின் இடத்தில் வைக்கிறது என்பார்கள். அந்தக் குறளுக்குப் பரிமேலழகர் தரும் விளக்கத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். கேட்டையோ சாவையோ அடைய இருக்கும் ஓர் உயிர் அந்தப் பொய்யால் துன்பம் நீங்கி மீள்வதே அந்த நன்மை. பிணத் தொழிற்சாலைக் கதை செய்தது இதற்கு நேர் எதிரானது. 1943 ஆகஸ்ட். போலந்தில் நாஜிகள் யூதர்களை லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் வெளியிட இருந்த கண்டன அறிக்கையில் விஷவாயு அறைகளைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. பிரிட்டிஷ் கூட்டு உளவுக் குழுவின் தலைவர் கேவன்டிஷ்-பென்டிங்க் அதை ஏற்கவில்லை. போன போரில் மனிதப் பிணத்திலிருந்து கொழுப்பெடுத்த கதைதான் இதைக் கேட்டதும் நினைவுக்கு வருகிறது என்றும், அந்தப் பொய்யால்தான் உண்மைக் கொடுமைகளும் வெறும் பிரசாரம் என்று ஒதுக்கப்பட்டன என்றும் எழுதினார். விஷவாயு பற்றிய குறிப்பு நீக்கப்பட்டது. 1917இல் சொன்ன பொய் சாவின் வாயில் நின்ற உயிர்களை மீட்கவில்லை. அவர்களைப் பற்றிய உண்மைச் சொல்லின் வாயை அடைத்தது.

இன்னொரு தடை வலுவானது. வயலிலும் ஆலையிலும் உழைத்துவிட்டு வந்து பத்திரிகையைப் பிரிப்பவன் அயல்நாட்டில் நடந்ததை எப்படிச் சரிபார்ப்பான்? போதிய சான்று இல்லாமல் எதையும் நம்புவது யாருக்கும் தவறு என்று 1877இல் எழுதினார் ஆங்கிலக் கணிதவியலாளர் கிளிஃபோர்ட். அந்த விதி எளியவன் தாங்கக்கூடியதல்ல. நாளெல்லாம் பிறர் சொல்லை நம்பித்தான் வாழ்கிறோம். நான் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. சரிபார்க்க முடியாததை ஐதிகம் என்ற இடத்திலேயே வைத்திருக்கலாம். உரை என்ற இடத்துக்கு ஏற்றிப் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லாமல் இருக்கலாம். அதற்குக் கல்வியோ பயணமோ தேவையில்லை, கொஞ்சம் மன அடக்கம் போதும். அது கடினமாவதற்குக் காரணம் இருக்கிறது. பகைவனின் கொடுமையைக் கேட்கும்போது நாம் நல்லவர்கள் என்ற இன்பமும் சேர்ந்து வருகிறது. அந்த இன்பத்தை இழக்க மனமில்லாமல்தான் சொன்னவர் யார் என்று கேட்காமல் விடுகிறோம். அதனால்தான் இதைப் பிழை என்று சொல்லாமல் குற்றம் என்கிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் சந்தேகிப்பதே அறமா? இல்லை. 1943இல் நம்ப மறுத்தவர்களும் 1917இல் நம்பியவர்கள் செய்த தவறையே செய்தார்கள். இருவருமே எதிரே இருந்த சாட்சியை எடைபோடவில்லை. வார்சாவின் யூதச் சேரிக்குள் மறைந்து நுழைந்து கண்ணால் பார்த்துத் திரும்பியவர் போலந்தின் யான் கார்ஸ்கி. 1943 ஜூலையில் வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நீதிபதி தாமும் யூதர். கேட்டு முடித்ததும், இவர் பொய் சொல்கிறார் என்று தாம் கருதவில்லை, ஆனால் தம்மால் நம்ப முடியவில்லை என்றார். வாத்ஸ்யாயனர் கேட்ட தகுதி முழுவதும் உடைய ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லுக்கு மரத்துப் பேய்க்குக் கிடைத்த மதிப்புகூடக் கிடைக்கவில்லை. அடுத்த முறை பகை நாட்டைப் பற்றி ஒரு கொடுமை காதில் விழும்போது, அதைக் கண்டவர் யார் என்று கேளுங்கள். கண்டவர் ஒருவர் வந்து நின்றால், அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், சொல்லி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.