பணிவும் மனச்சான்றும்

ஒரு சமயம் தன்னைச் சார்ந்த ஒருவனை நோக்கி, "உன்னை மதிக்கின்றோம், ஆனால் உன் இயல்பு ஒழுங்கு பிறழ்ந்தது" என்று கூறுமாயின், அவன் செய்யத்தக்கது யாது? அச்சமயத்தை விட்டு வெளியேறுவதா? உள்ளிருந்தே வழக்காடுவதா? அன்றித் தலைவணங்கி வாய்மூடி இருப்பதா? கத்தோலிக்கத் திருச்சபையில் தன்பாலீர்ப்பு உடையோரையும், திருநங்கையர், திருநம்பியரையும் முன்னிட்டு இக்கேள்வி இன்று எழுந்து நிற்கின்றது. அயல்வீட்டுச் சச்சரவென்று இதனை நாம் ஒதுக்கிவிடலாகாது. சமயம் மாறுதல் இன்னதென்று அறிந்தவர்கள் நாம், ஆகலின், "மதியாத வாசலை மிதிப்பானேன்? விட்டு வெளியேறுவதுதானே!" என்னும் விடை நம் நாவில் முந்திக்கொண்டு வரும். அவ்விடை எல்லார்க்கும் பொருந்துமா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், திருச்சபையின் போதனையைத் திரிக்காமல் எடுத்துரைத்தல் நேர்மையாகும். 1975-ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையும், 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலும் கூறுவதன் சாரம் இது: ஆண் பெண் கூட்டம் திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் உரியது, அதற்குப் புறம்பான கூட்டம் யாவர்க்கும் தகாது. ஒத்த பாலாரிடத்து ஒருவர்க்கு எழும் நாட்டம் தன்னளவில் பாவமன்று, செயலே பாவம். அந்நாட்டமுடையோரை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்றல் வேண்டும். அநியாயமாக அவர்களை ஒதுக்குதல் கூடாது. அவர்களோ தூய பிரமசரியத்தில் வாழ அழைக்கப்பட்டவர்கள். இப்போதனையை வெறும் பகைமை என்று கூறுதல் உண்மையாகாது. நபரை வேறாகவும் செயலை வேறாகவும் பிரித்து, நபரைக் காக்க முயல்கின்றது அது.

எனினும் அதில் ஒரு முடிச்சு உண்டு. அவர்கள் இந்நிலையைத் தாமாகத் தேர்ந்துகொண்டவரல்லர் என்றொரு வாக்கியம் 1992-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்தது. 1997-இல் திருத்தம் பெற்றபோது அவ்வாக்கியம் நீக்கப்பட்டு, அந்நாட்டமே ஒழுங்கு பிறழ்ந்தது என்னும் பொருள்படும் சொற்கள் இடம்பெற்றன. மணமாகாத ஆடவனுக்கும் பெண்ணுக்கும் தூய்மையே விதிக்கப்பட்டுள்ளது என்பது மெய்யே. ஆயினும், அவர்களுடைய விருப்பத்தை எவரும் பிறழ்ச்சி என்பதில்லை. திருமணம் என்னும் கதவு அவர்களுக்கு என்றேனும் திறக்கும். இவர்களுக்கோ அக்கதவு என்றுமே இல்லை. செயலை மாத்திரம் விலக்குவதாகத் தொடங்கிய போதனை, ஈண்டு இயல்பையே தொட்டுவிடுகின்றது.

பால் அடையாளத்தைப் பற்றியும் இத்தகைய இருநிலையே காணப்படுகின்றது. 2023 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட மறுமொழி ஒன்று, விசுவாசிகளிடையே இடறல் உண்டாகாதெனில் திருநங்கையரும் திருநம்பியரும் ஏனையோரைப் போலவே ஞானஸ்நானம் பெறலாம் என்றது. 2024 ஏப்ரலில் மனித மாண்பைப் பற்றி வெளியான ஆவணமோ, பால் மாற்றச் சிகிச்சை பொதுவாக ஒருவர் கருவிலேயே பெற்ற மாண்புக்கு ஊறு செய்யும் அபாயமுடையது என்று கூறிற்று. அதே ஆவணம், பாலீர்ப்பின் காரணமாக மனிதரைச் சிறையிடுவதும் வதைப்பதும் மாண்புக்கு மாறானவை என்று கண்டிக்கவும் செய்தது. ஒரு கை அணைக்கின்றது. மறு கை தடுக்கின்றது.

நிற்க. இவ்விரு கைகளுக்கும் இடையே வாழ்ந்த இருவருடைய வரலாறு நம் ஆராய்ச்சிக்கு விளக்காக உதவும். அமெரிக்க நாட்டுத் துறவுச் சகோதரி ஜெனின் கிராமிக், குருவானவர் ராபர்ட் நூஜெண்ட் என்போர் 1977-இல் தன்பாலீர்ப்புடைய கத்தோலிக்கருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பணிசெய்யும் பொருட்டு 'நியூ வேய்ஸ் மினிஸ்ட்ரி' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். 1984-இல் அதன் பொறுப்பினின்றும் விலகுமாறு பணிக்கப்பட்டனர். ஆயினும் பணியை விட்டாரில்லை. நெடிய விசாரணை நிகழ்ந்தது. திருச்சபையின் போதனையை உள்ளத்தால் ஏற்கின்றீர்களா என்று இருவரும் கேட்கப்பட்டனர். கிராமிக் தம் உள்ளக் கருத்தை வெளியிட மறுத்தார். நூஜெண்ட் அளித்த விடை போதாதென்று தள்ளப்பட்டது. 1999-இல், பின்னாளில் 16-ஆம் பெனடிக்ட் பாப்பரசரான கர்தினால் ராட்சிங்கர் தலைமை வகித்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அவ்விருவரும் இப்பணியில் இனி என்றுமே ஈடுபடலாகாது எனத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில், அவ்விசாரணையைப் பற்றிப் பேசவும் கூடாதென்று அவர்களுடைய துறவுச் சபைகள் கட்டளையிட்டன.

கட்டளை ஒன்றே, இருவரும் எடுத்த முடிவோ வெவ்வேறு. நூஜெண்ட் பணிந்தார், பங்குக் குருவாகப் பணியாற்றி 2014-இல் மறைந்தார். கிராமிக் பணியவில்லை, ஆனால் திருச்சபையை விட்டு நீங்கவுமில்லை. தம் சபையினின்றும் லொரெட்டோ சகோதரிகளின் சபைக்கு மாறி, துறவியாகவே இருந்து பேசிவந்தார். 2023 அக்டோபரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வத்திக்கானில் வரவேற்று உரையாடினார். இதனை வெற்றியென்று கொண்டாடுவதற்கில்லை, போதனை மாறிற்றில்லை.

இவ்விருவருள் யார் செய்தது சரி? அவரவர் தம் மனம்போன போக்கில் நடந்தால் சங்கமேது, சபையேது என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆனால் மனச்சான்று என்பது மனம்போன போக்கன்று. இதனைத் திருச்சபையின் பேராசிரியரே கற்பித்துள்ளனர். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமா அக்குவினாஸ், கிறிஸ்துவை விசுவசித்தல் நன்றே ஆயினும், ஒருவனுடைய அறிவு அதனைத் தீதென்று கொண்டிருக்குமாயின் அவ்வறிவுக்கு மாறாக அவன் விசுவசிப்பது தவறாகும் என்று வாதித்தார். தவறான மனச்சான்று எப்போதும் ஒருவனைக் குற்றத்தினின்றும் விடுவிக்காது. அதனைச் செம்மைப்படுத்தும் கடமை அவனுக்கு உண்டு என்பதும் அவர் கூறியதே. எனவே, கேளாமல் மறுப்பது மனச்சான்றாகாது; கேட்டு, ஆய்ந்து, தனக்கு வரும் இழப்பையும் ஏற்று மறுப்பதே மனச்சான்றாகும்.

ஒரு சபை தன் பெயரால் போதிப்பவரை நோக்கி, "இதனை எம் பெயரால் சொல்லாதே" என்று கூறலாம். அது புறவொழுக்கத்தைப் பற்றியது. "உன் உள்ளத்தில் உள்ளதைச் சொல்" என்று கேட்டு, சொல்லாமையைக் குற்றமாகக் கொள்வது வேறு. அது மனிதன் தன்னோடு தான் தனித்திருக்கும் அறையின் கதவை உடைப்பதாகும். பணிவு ஒருவன் தானே கொடுப்பதாயின் அறம். பறித்துக்கொள்ளப்பட்ட பணிவுக்கு அப்பெயர் தகாது. இயேசு சபைக் குரு ஜான் மெக்நீல், தன்பாலீர்ப்பைப் பற்றி 1976-இல் நூலொன்று வெளியிட்டு, அடுத்த ஆண்டு இட்ட கட்டளைக்கு அடங்கி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மௌனம் காத்தார். பின்னர் மௌனமே பிறருக்குத் தீங்காகின்றது எனக் கண்டு பேசினார். 1987-இல் சபையினின்றும் நீக்கப்பட்டார். மௌனம் காத்தபோதும் அதனைக் கலைத்தபோதும் அவரைச் செலுத்தியது மனச்சான்றே.

இனி, நம் நாவில் முந்தி வந்த விடைக்கு வருவோம். உள்ளே இருப்பது அடிமைத்தனம் என்பது சரியா? ஒருவருடைய சமயம் என்பது அதன் தீர்ப்புகள் மாத்திரமன்று. தாய் கற்பித்த செபமும், தந்தையைப் புதைத்த கல்லறையும், துன்பத்தில் ஆறுதலளித்த பாடலும் அதுவே. வெளியேறுபவர் இவற்றையும் விட்டுச் செல்லவேண்டும். அன்றியும், புண்பட்டோர் யாவரும் நீங்கிவிட்டால், நாளை அதே பீடத்தின்முன் அஞ்சி நிற்கும் இளைஞனின் கையைப் பற்றுவார் யார்? ஆகவே இருப்போரைக் கோழைகள் என்றல் பிழை. அவ்வாறே, தாங்கொணாத அவமதிப்பினின்றும் தம்மைக் காத்துக்கொள்ள வெளியேறுவோரைத் துரோகிகள் என்றலும் பிழை. நோயின் கடுமையைத் தாங்குபவரே அறிவர். தங்குவதா நீங்குவதா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே. வழியிரண்டையும் அடைக்காமல் வைப்பதே ஏனையோர் கடமை.

அன்பர்களே! பிறர் சமயத்தை எடைபோடுதல் எளிது. நம் சங்கக் கூட்டங்களிலும், நம் இல்லங்களிலும், தன் இயல்பை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி ஒரு மகனோ மகளோ அமர்ந்திருக்கக் கூடும். "மதிக்கின்றோம்" என்று நாம் கூறுவது மெய்யாயின், அவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதை, குறுக்கே பேசாமல், முதலில் செவிமடுப்போமாக.