ஆளை அளக்கும் கோல்

நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளைக் குருவாக அடைந்து, பின்னாளில் கொழும்புத்துறையில் ஒரு சிறு கொட்டிலில் அமர்ந்து யாழ்ப்பாணத்தின் ஞானாசிரியராக விளங்கிய யோகர் சுவாமிகள் (1872–1964), உலக வாழ்வைத் துறப்பதற்கு முன்னர் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைகளுக்கான களஞ்சியத்தைக் காக்கும் உத்தியோகத்தில் பல ஆண்டுகள் இருந்தார் என்பது, அவருடைய சரித்திரம் படித்த அனைவரும் அறிந்த, ஆனால் எவரும் அதிகம் நின்று யோசியாத ஒரு செய்தி. களஞ்சியக்காரரின் வேலை இன்னதென்று நமக்குத் தெரியும். மண்வெட்டி எத்தனை வந்தது, அலவாங்கு எத்தனை போயிற்று, கயிறு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணி, நிறுத்து, அளந்து, பதிவேட்டில் எழுதி, மாலையில் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வது. காடு சூழ்ந்த அந்தக் காலத்து வன்னியில், அந்நிய உத்தியோகத்தரின் கீழ், இத்தகைய வறண்ட கணக்கு வேலையைச் செய்த ஒருவரே பிற்காலத்தில் எந்தத் தொழிலையும் சிவதொண்டாக இயற்றலாம் என்று அடியாருக்கு உபதேசித்தார்; அவருடைய அன்பர்கள் 1935இல் தொடங்கிய மாசிகைக்கும் 'சிவதொண்டன்' என்றே பெயர் அமைந்தது. இவ்வுபதேசம் வேலைத்தலத்தை அறியாத ஒருவருடைய வாயிலிருந்து வந்ததன்று என்பதனால்தான், அதை இன்றைய கிளிநொச்சியின் வேலைத்தலத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டாகிறது. எந்தத் தொழிலும் சிவதொண்டாகலாமெனின், தொழிலாளியை எந்த நிலையில் வைத்தாலும் அது சிவதொண்டாகுமா?

இன்று விடிவதற்கு முன்பே ஏ9 வீதியிலும், அதிலிருந்து பிரிந்து குடியேற்றத் திட்டங்களுக்குள் செல்லும் கிறவல் ஒழுங்கைகளின் முகப்பிலும், சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்சுக்குக் காத்து நிற்கும் பெண்களைக் காணலாம். யுத்தம் முடிந்தபின் இப்பகுதிக்கு வந்த தொழில்களில் ஆடைத் தொழிற்சாலையே பெரிது. மாஸ் நிறுவனம் கிளிநொச்சியில் நிறுவிய ஆலைகளுக்கு வானவில் என்றும் விடியல் என்றும் தமிழ்ப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். வவுனியாவில் இத்தாலியக் கம்பெனியொன்றின் ஒமேகா லைன் ஆலை இருக்கிறது. இவற்றுள் எதனையும் தனித்துச் சுட்டி நான் எழுத முற்படவில்லை. நான் பேசப்போகிற அளவைமுறை உலகிலுள்ள ஆடைத் தொழிற்சாலைகள் எங்கும் வழங்குவது.

அம்முறை இப்படி. ஒரு சட்டைக்குக் கை மூட்டுவதற்கு அரை நிமிடம் ஆகுமென்று நிபுணர்கள் நேரம் பார்த்து நிர்ணயித்துவிட்டால், மணிக்கு 120 சட்டை முழுத்திறன்; எண்பது வீதத் திறன் வேண்டுமென்று வகுத்தால் 96. லைன் முடிவிலுள்ள பலகையில் மணிக்கு மணி எண் ஏறுகிறது. சில இடங்களில் அப்பலகையும் மின்திரையாகிவிட்டது. ஒருத்தியின் எண் 71இல் நின்றுவிட்டால் சுப்பவைசர் வந்து, "தங்கச்சி, டாகெட் குறையுது, கெதியாத் தையுங்கோ" என்கிறார். அவரும் பொல்லாத மனிதரல்லர். அவருக்கு மேலே அவரை அளக்கும் எண் ஒன்று இருக்கிறது. முதல்நாள் இரவு யானை வேலியை முறித்துக்கொண்டு வளவுக்குள் புகுந்ததால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டில் விழித்திருந்துவிட்டு வந்தவள் அவள் என்பது, 71 என்னும் எண்ணில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. யோகர் சுவாமிகள் இருந்த களஞ்சியத்தின் பதிவேடு பொருளை அளந்தது. இப்பலகை ஆளை அளக்கிறது.

இந்த அளவையை ஒரு சாஸ்திரமாக வகுத்தவர் அமெரிக்கரான பிரடரிக் டெய்லர். 1911இல் வெளியான அவருடைய நூல் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தால் அளக்கும் முறைக்கு அஸ்திவாரமிட்டது. அதன் உட்பக்கத்தைக் கண்டவர் பிரான்சிய தேசத்துத் தத்துவ ஆசிரியையான சிமோன் வெய்ல். 1934 டிசம்பர் முதல் 1935 ஆகஸ்ட் வரை, ஆசிரியப் பணியை விட்டுப் பாரிஸ் நகர ஆலைகளில் அவர் கூலிப் பெண்ணாக வேலை செய்தார். உடல் நோவைக் காட்டிலும் அவரைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. எண்ணிக்கையை எட்ட வேண்டுமெனில் சிந்திப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. சிந்தனையை நிறுத்திய உயிர் மெல்ல மெல்லத் தனக்கு உரிமை எதுவும் இல்லையென்று நம்பத் தொடங்கியது. பிரார்த்தனையென்பது முழுமையான கவனமே என்று பின்னாளில் எழுதிய அவ்வம்மையார், அந்தக் கவனத்தையே ஆலை உறிஞ்சிவிடுவதை அனுபவத்தில் கண்டிருந்தார். நம்முடைய கேள்விக்கு இது மிகவும் சம்பந்தமானது. கை தொழிலில் இருக்க மனம் சிவத்தில் இருக்கலாம் என்பது சிவதொண்டின் அடிப்படை. நெசவுத் தொழில் செய்த நேச நாயனாரை, மனத்தைத் திருவடிக்கும் வாக்கை ஐந்தெழுத்துக்கும் கையை நெசவுக்கும் ஒப்புவித்தவராகவே பெரியபுராணம் காட்டுகிறது. நேச நாயனாரின் தறிக்குப் பக்கத்தில் மணிக்கு 96 என்ற பலகை இல்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மனத்தைப் பிடித்து இழுக்கும் வேலையில், கையை மாத்திரம் கொடுத்து மனத்தை வேறிடத்தில் வைப்பது எங்ஙனம்?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லாமல் விடலாகாது; அது வலுவான நியாயம். அளவை ஆளறியாது என்று நான் குறைகூறினேன். ஆளறியாமையால் விளைந்த நன்மையும் உண்டு. விரலடையாளம் வைக்கும் இயந்திரம் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. அருவிவெட்டுக்கு வந்தவனுக்குச் சூடடித்த களத்திலேயே கூலி நெல்லைத் தாராளமாக அளந்து கொடுத்த அதே கமக்காரர், அவனுக்குக் குடிக்கத் தண்ணீரை வேலிக்கு வெளியே சிரட்டையில் வார்த்தார். அவர் அவனுடைய பெயரையும் தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் அறிந்திருந்தார். அறிந்ததனாலேயே அவனைத் தூரத்தில் நிறுத்தினார். அந்தப் பழைய உறவை நினைத்து நான் ஏங்கவில்லை. கணவனை யுத்தத்தில் இழந்து, பிள்ளைகளோடு ஓலைக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு வந்த பெண்ணொருத்தி, மாத முடிவில் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து தன் கையால் பணமெடுக்கும்போது அவளுக்கு உண்டாகும் நிமிர்வை எந்தத் தத்துவத்தின் பேராலும் குறைத்துப் பேசுவது பாவம். ஆகவே அளவை வேண்டாம் என்பது என் கட்சியன்று. அளந்த எண்ணே ஆளென்று கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

அவ்வாறு கொள்வதற்கு நம்முடைய சமயமே துணைபோகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். சிலர் அதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். கூலி போதவில்லையென்றால் "அவரவர் தலைவிதி" என்கிறார்கள். ஓ.ரி. வேலைக்கு உரிய காசு கேட்டால், பயனை எதிர்பாராமல் கருமம் செய்யும்படி கண்ணபிரான் உபதேசித்திருக்கிறார் என்கிறார்கள். இதைப் பொறுமையாக ஆராய வேண்டும். பற்றின்றித் தொழில் செய்க என்பது, தொழில் செய்பவன் தன் நெஞ்சுக்குத் தானே சொல்லிக்கொள்வதற்காக அருளப்பட்ட உபதேசம். அருச்சுனனுக்குக் கண்ணன் அதைச் சொன்னபோது அருச்சுனனுடைய கூலியில் எதையும் கண்ணன் மிச்சம் பிடிக்கவில்லை. எவனுடைய பற்றின்மையால் எனக்கு இலாபம் வருகிறதோ, அவனுக்குப் பற்றின்மையைப் போதிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை; போதிப்பேனாகில் அது உபதேசமாகாது, வஞ்சகமாகும். தலைவிதியும் அப்படியே. என் துன்பத்தை என் பழவினையென்று நான் ஏற்றுக்கொள்வது பக்குவம். பிறன் துன்பத்தை அவனுடைய பழவினையென்று நான் தீர்த்துவிடுவது, எனக்கு ஆகாமிய வினை சேர்க்கும் கொடுமை.

சைவ சித்தாந்தம் இதற்கு மேலும் ஒருபடி செல்கிறது. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும் இறைவன் தந்தது உயிரின் பொருட்டு என்பது நம்முடைய சாஸ்திரத்தின் துணிபு. உடம்பும், மனமுதலிய கருவிகளும், வாழும் இடமும், நுகர்ச்சிகளும் ஆணவ இருளில் கிடக்கும் ஆன்மா பக்குவப்படுவதற்கான சாதனங்கள். ஆலையும் வயலும் கந்தோரும் புவனத்தைச் சேர்ந்தவையே. அப்படியாயின் ஆலை உயிருக்காக இருக்கிறது. ஆலைக்காக உயிர் இருப்பதாக நடத்துவது சாஸ்திரத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். மடுமாதாவின் திருத்தலத்துக்கு நடந்துசெல்லும் வன்னிக் கத்தோலிக்க மக்களும் இதே முடிவை வேறு வழியால் பெற்றிருக்கிறார்கள். 1891இல் தொழிலாளர் நிலைபற்றி 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டவர் பாப்பரசர் 13ஆம் லியோ. 2025 மே மாதம் தெரிவான பாப்பரசர், தாம் லியோ என்னும் பெயரை ஏற்றமைக்கு அவரை நினைவுகூர்ந்ததோடு, செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் இன்று விடுக்கும் அறைகூவலையும் காரணமாகச் சொன்னார்.

வேலைக்கு ஆள் எடுக்கும் விஷயத்தில் வன்னிக்கென்று தனியான வேதனை ஒன்றிருக்கிறது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். இங்கு இன்று முப்பதைத் தாண்டி நிற்கும் பலருடைய விண்ணப்பப் பத்திரத்தில் 2008, 2009 ஆகிய ஆண்டுகளுக்கு நேரே வெற்றிடம் இருக்கும். அந்த ஆண்டுகளில் அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டு, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை சென்று, பின் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இருந்தார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரமும் பரீட்சைப் பெறுபேறும் பதுங்குகுழியிலோ வீதியோரத்திலோ தொலைந்தன. அவர்களில் ஒரு பகுதியினர், யுத்த முடிவில் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 12,000 பேரில் அடங்குவர். நேர்முகப் பரீட்சையில் அந்த வெற்றிடத்தைக் கண்டதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை அவர்கள் நன்றாக அறிவார்கள். இப்போது பெரிய கம்பெனிகள் சில, விண்ணப்பங்களைக் கணினியைக் கொண்டே முதலில் வடிகட்டுகின்றன. கணினிக்கு முகம் மாறுவதுமில்லை. வெற்றிடத்தைக் கண்டால் பேசாமல் ஒதுக்கிவிடுகிறது. ஏன் வெற்றிடம் என்று கேட்பாரும் இல்லை, சொல்வதற்கு வாய்ப்பும் இல்லை.

ஆட்களைத் தெரிந்தெடுப்பது பற்றித் திருவள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள், 51ஆவதும் 52ஆவதுமாக, வகுத்திருக்கிறார். கண்மூடி எவரையும் நம்பிவிடும்படி அவர் சொல்லவில்லை, சோதிக்கவே சொல்கிறார். ஆனால் அவருடைய சோதனை மனிதன் மனிதனை எதிரில் வைத்துச் செய்வது. குணத்தையும் குற்றத்தையும் இரண்டையும் நாடி, மிகுந்தது எது என்று பார்க்க வேண்டுமென்கிறார். குற்றமே இல்லாதவரை எங்கும் காண இயலாதென்பதையும் மறைக்கவில்லை. ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவருடைய செயலே உரைகல் என்கிறார். செயலைக் கண்டு மதிப்பதற்கு முதலில் செயலாற்ற இடங்கொடுக்க வேண்டும் என்பது இதில் அடங்கியிருக்கிறதல்லவா? தேறாமல் நம்புவதும், தேறி நம்பியபின் சந்தேகிப்பதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று அவர் முடிப்பதை, வேலைக்குச் சேர்த்துக்கொண்ட பின்னும் தையல் மேசைக்கு மேலே, சாப்பாட்டு அறையில், மலசலகூடத்துக்குப் போகும் வழியில் என்று கமரா பூட்டுகிறவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். களவைத் தடுப்பதற்குக் கமரா வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. சாப்பிடும் நேரத்தில் ஒருவர் யாரோடு பேசுகிறார் என்று பார்ப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

நம்முடைய தேசத்துச் சட்டம், இவ்விஷயத்தில் நம்மில் பலரைக் காட்டிலும் சைவமாக இருக்கிறதென்றே எனக்குத் தோன்றுகிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8ம் தொழில்தருநர் தம்மிடமிருந்து 12ம் அவருடைய பிற்காலத்துக்காக வைப்பிட வேண்டும்; 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம். இதன் தாற்பரியம் என்ன? வேலைக்கு வருபவளுக்கு ஒரு முதுமை இருக்கிறது, கை நடுங்கும் காலமொன்று வரும், அதற்கும் இன்றைக்கே பொறுப்பேற்க வேண்டும் என்பதே. மணிக்கு 96 என்ற பலகைக்கு முதுமை தெரியாது, சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அரிசி ஆலையிலும் கடையிலும் மேசன் வேலையிலும், எழுத்தில் ஒன்றுமில்லாமல் ஆளை வைத்துக்கொண்டு இந்த நிதியைக் கட்டாமலே காலங்கடத்துகிற முதலாளிமார், கோயிலில் உபயம் ஏற்று முன்வரிசையில் நிற்பதை நாம் பழக்கத்தால் பொறுத்துக்கொள்கிறோம். அவர்களுடைய உபயத்தை ஏற்பதற்கு முன் அவர்களிடம் வேலை செய்பவர்களின் நிதிக் கணக்கைக் கேட்பதற்குத் தருமகர்த்தாக்கள் துணிவார்களானால், அது ஒரு கும்பாபிஷேகத்தினும் பெரிய கைங்கரியமாகும்.

தொழில்தருநரை நான் வேண்டிக்கொள்வது பெரிதொன்றுமில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் நடக்கும் நாளில், கடல்நீரில் எரியும் அந்த விளக்கைக் காண ஒரு பெண் லீவு கேட்டால், அதற்காக அவளுடைய மாத வருகைக் கொடுப்பனவை வெட்டாதீர்கள். எண் குறைந்த நாளில், கெதியாத் தைக்கச் சொல்வதற்கு முன்பு, இரவு நித்திரை கொண்டாளா என்று ஒருமுறை கேளுங்கள். விண்ணப்பத்தில் 2008, 2009 வெற்றிடமாக இருந்தால் அதைக் கணினியின் தீர்ப்புக்கு விடாமல், அந்த மனிதரை அழைத்துக் கதிரை கொடுத்து இருத்தி, கால்மணி நேரம் அவர் சொல்வதைக் கேட்டபின் உங்கள் முடிவை எழுதுங்கள்.